குதிரைத்திறன் கட்டத்துக்கு வெளியே இருக்கும் கூபே கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எளிய விலை ஸ்போர்ட்ஸ் கூபேயையும் (கூபே என்றால் இரண்டு கதவு கார்) சொகுசு கூபேயையும் அருகருகே நிறுத்தித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த ஒப்பீட்டைப் படித்தேன். குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நொடிகள், விலை என மூன்று கட்டம் போட்டிருந்தது. முதல் இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்பதால் விலை குறைந்ததே லாபம் என்று கட்டுரை முடிந்துவிடுகிறது. எண்களில் பிழை இல்லை. ஆனால் இந்த இரண்டு வகை வண்டிகளும் எங்கே பிரிகின்றனவோ, அந்த இடம் எதுவும் அந்த மூன்று கட்டத்துக்குள் வரவில்லை. அதை நம்பி ஒருவர் முன்பணம் கட்டிவிடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2021இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா ஜிஆர் 86. சுபாரு பிஆர்இசட் இதன் இரட்டைப் பிள்ளை. இன்னொன்று, 2020இல் வந்த பிஎம்டபிள்யூ நான்காம் வரிசை கூபேயின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் வகை.

டொயோட்டாவில் 2.4 லிட்டர் பாக்ஸர் இன்ஜின். நான்கு சிலிண்டர்களும் இரண்டு பக்கமாகப் படுத்திருக்கும், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. சுமார் 235 குதிரைத்திறன், அதுவும் 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்). டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, 250 நியூட்டன் மீட்டர், 3,700இல். பிஎம்டபிள்யூவில் சந்தையைப் பொறுத்து 245 முதல் 258 குதிரைத்திறன். ஆனால் டார்க் 400. அது 1,600 ஆர்பிஎம்மிலேயே முழுதாக வந்து 4,000 வரை இறங்காமல் நிற்கிறது. எடை, முன்னதற்குச் சுமார் 1,275 கிலோ, பின்னதற்குச் சுமார் 1,550.

குதிரைத்திறனை எடையால் வகுத்தால் டொயோட்டாதான் முந்துகிறது. அப்படியும் 100ஐ எட்டும் பந்தயத்தில் பிஎம்டபிள்யூ அரை நொடி முன்னால் நிற்கிறது. காரணம் தெரிய ஒரு சின்னப் பெருக்கல் போதும். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,020ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் இன்ஜின் உண்மையில் தரும் குதிரைத்திறன் கிடைக்கும். 3,000 ஆர்பிஎம்மில் பிஎம்டபிள்யூவுக்கு 171 வருகிறது. டொயோட்டாவுக்கு உச்ச டார்க்கான 250ஐயே அங்கே தாராளமாகக் கொடுத்தாலும் 107தான். பத்திரிகையில் அச்சாகும் 235 என்ற எண், ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரின் முள் 7,000ஐத் தொடும்போது மட்டும் உயிரோடு இருக்கும் எண். ஊருக்குள் முள் அங்கே போகும் நேரம் எவ்வளவு என்று வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதனால் டொயோட்டா மட்டம் என்று ஆகிவிடாது. முந்த வேண்டுமென்றால் இரண்டு கியர் இறக்கி, முள்ளை 5,000க்கு மேல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த வேலை பிடித்தவருக்குத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. ஐந்தாவது கியரிலேயே காலை அழுத்தி வண்டி பாய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் ஒரே மாதத்தில் சலித்துவிடுவார். 2012இல் வந்த முதல் தலைமுறை 86இல் இது இன்னும் கடுமை. அது 2 லிட்டர், சுமார் 200 குதிரைத்திறன். 3,500க்கும் 4,500க்கும் நடுவில் டார்க் குழி விழுந்தது போல இறங்கி ஏறும். சாதாரணமாக ஓட்டும்போது முள் அதிகம் நிற்கிற இடமும் அதுதான். 2.4 லிட்டர் வந்த பிறகு அந்தக் குழி பெரும்பாலும் நிரம்பிவிட்டது. பழைய வண்டி பார்ப்பவர்கள் மூன்றாவது கியரில் 3,000இலிருந்து 5,000 வரை முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

அடுத்தது எடை. இதைத்தான் எல்லா ஒப்பீடுகளும் ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. அதே பிஎம்டபிள்யூவின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், நான்கு சக்கர இயக்க வகை 1,700 கிலோவைத் தாண்டும். ஓட்டுபவரையும் சேர்த்து 1,800 கிலோ என்று வையுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அதை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 695 கிலோஜூல். ஓட்டுபவரோடு 1,350 கிலோ வரும் டொயோட்டாவுக்கு 520. ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு. அதற்குத் தக்கபடி பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்வும் பெரிய காலிப்பரும் போட்டிருப்பதால் ஒரே ஒரு முறை பிரேக் பிடித்து அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கும். மலைப்பாதையில் பத்தாவது வளைவில் இறங்கும்போதுதான் வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

அங்கே நடப்பது இரண்டு வகை. பெடல் கல் போல இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கில் உரசும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஃபுளுயிட் கொதித்து ஆவிக்குமிழி வந்திருக்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து. டாட் 4 என்ற தரத்து ஃபுளுயிட் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 155 வரை இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205இலிருந்து 140. ஆகவே எந்தக் கூபேயாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஃபுளுயிட் மாற்றுவது கட்டாயம். கனமான வண்டிக்கு இது தள்ளிப்போட முடியாத வேலை. தொட்டியில் அளவு சரியாக இருக்கிறது என்பதால் ஃபுளுயிட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பேட் தேயும்போதும் அளவு கீழே இறங்கும், அதைப் பார்த்து மேலே ஊற்றிவிட்டுத் திருப்திப்படுவதில் பயனில்லை.

டயர் விஷயத்தில் தங்கள் கட்டுரை சொகுசு கூபேயின் அகலமான பின் டயரை ஒரு சிறப்பாக எழுதியிருக்கிறது. பிடிப்புக்கு நல்லதுதான். செலவுக் கணக்கு வேறு. 19 அங்குல வீலில் முன்னால் 225/40, பின்னால் 255/35 என்று (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அதில் எத்தனை சதவீதம் என்பது) வந்தால் முன்பின் மாற்றிப் போட முடியாது. பின்சக்கரம் தள்ளும் வண்டியில் பின் டயர் வேகமாகத் தேயும், தேய்ந்தால் ஜோடியாகத் தூக்கிப் போட வேண்டும். டொயோட்டாவில் நான்கும் ஒரே அளவு. எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிப் போட்டு நான்கையும் ஒன்றாகத் தேய வைக்கலாம். பிஎம்டபிள்யூ பலவற்றில் ரன்-ஃபிளாட் டயர் வரும். காற்று முழுதாக இறங்கிய பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது அதன் பலம். அதற்காகப் பக்கச்சுவரைத் தடிப்பாகச் செய்வதால் சின்னப் பள்ளத்தில்கூட முதுகில் இடிக்கும். காற்றில்லாமல் ஓடிவிட்ட ரன்-ஃபிளாட்டைப் பெரும்பாலும் பஞ்சர் ஒட்டித் தர மாட்டார்கள், உள்ளே பக்கச்சுவர் நொறுங்கியிருக்கும். நான்கு சக்கர இயக்கம் என்றால் இன்னொரு சங்கடம். புது டயர் இரண்டு, தேய்ந்த டயர் இரண்டு என்று கலந்து போட்டால் முன்பின் சக்கரங்களின் சுற்றளவு மாறி, முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள கிளட்ச் நேர்சாலையிலும் ஓயாமல் வழுக்கித் தேயும். ஒரு டயர் வெடித்ததற்கு நான்கு வாங்க நேர்வது இப்படித்தான்.

முதல் தலைமுறை 86இன் 17 அங்குல வீலுக்கு டொயோட்டா போட்ட டயர், தன்னுடைய பிரியஸ் கலப்பினக் காருக்கும் கொடுத்த அதே மிஷலின் பிரைமஸி ரகம். கஞ்சத்தனம் என்று பலர் ஏசினார்கள். அது தெரிந்தே செய்த வேலை. பிடிப்பு குறைவான டயரில் வண்டி குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் மெல்ல நழுவும். ஓட்டுபவருக்கு அது முன்கூட்டித் தெரியும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். வாங்கிய கையோடு அகல டயர் மாட்டுகிறவர்கள் அந்த வண்டியின் ஆதார குணத்தையே கழற்றி எறிகிறார்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் நிறைய உண்டு.

சொகுசு என்பது தோல் இருக்கையிலும் திரையிலும் மட்டும் இல்லை, அது ரப்பரில் இருக்கிறது. சஸ்பென்ஷன் கைகளின் முனையில் உள்ள புஷ் என்னும் ரப்பர் மூட்டுகளில் சொகுசு வண்டிக்காரர்கள் பல இடங்களில் வெறும் ரப்பருக்குப் பதிலாக உள்ளே எண்ணெய் அடைத்த புஷ் போடுவார்கள். சாலையின் நடுக்கத்தை அந்த எண்ணெய் விழுங்கிவிடும். ஏழெட்டு வருடத்தில் ரப்பர் வெடித்து எண்ணெய் ஒழுகிவிட்டால், 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி டிஸ்க்கையும் பேடையும் மாற்றுவார்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும், பிறகு அதே நடுக்கம். வண்டியைத் தூக்கி, முன் கையின் புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். எளிய விலைக் கூபேயில் சாலை இரைச்சல் உள்ளே வரும், சிறுகல் வீல் ஆர்ச்சில் படும் சத்தம்கூடக் கேட்கும். அங்கே கண்ணாடியும் கார்ப்பெட்டும் மெல்லியவை. தினம் இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இந்த ஒரு காரணமே போதும், சொகுசு வண்டிக்குப் போகலாம். அரை நொடிக் கணக்கு இதன் முன்னால் ஒன்றுமில்லை.

பின் இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டையும் நான்கு பேர் வண்டி என்று கட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். டொயோட்டாவின் பின் இருக்கை பை வைக்கும் இடம். அதை மடித்தால் நான்கு வீல்கள் உள்ளே போகும்படி அளந்து செய்திருக்கிறார்கள், அதுதான் அதன் பெருமை. பிஎம்டபிள்யூவில் பெரியவர்கள் இருவர் ஓரளவு உட்காரலாம், உயரமானவர் தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, தங்கள் கட்டுரை தொடாமல் விட்ட கேள்வி. புது ஸ்போர்ட்ஸ் கூபேயின் விலையில் ஐந்தாறு வருடம் ஓடிய சொகுசு கூபே கிடைக்கிறது, எதை வாங்கலாம்? நிஜத்தில் பெரும்பாலோர் நிற்பது இந்த இடத்தில்தான். பழைய சொகுசு வண்டியின் விலை பாதியாகிவிடும். அதன் வாட்டர் பம்ப்பின் விலை பாதியாகாது. ஷாக் அப்சார்பர், கியர்பாக்ஸ், முன்விளக்கு எல்லாமே வண்டி புதிதாக இருந்தபோது என்ன தரத்து விலையோ அதே விலைதான். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசும் கதை இங்கேதான் நடக்கிறது.

கியர்பாக்ஸிலிருந்தே தொடங்கலாம். பிஎம்டபிள்யூ உட்படப் பல சொகுசு வண்டிகளில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக். மிக நல்ல பெட்டி. ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். பெட்டியைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதுதான் புத்தி. அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே ஒட்டியிருக்கும், எனவே தட்டோடுதான் மாற்ற வேண்டும். ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக் கிடையாது. வண்டியை மட்டமாகத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கியர்களை ஒரு சுற்று மாற்றி, ஆயிலின் சூடு 40 டிகிரி அளவில் இருக்கும்போது பக்க ஓட்டையிலிருந்து மெல்லிய தாரையாக வழிய வேண்டும். ஸ்கேனரில் சூட்டைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுகிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. ஆயில் சூடாக இருக்கும்போது விரிந்திருக்கும், அப்போது அளந்தால் ஆறிய பிறகு அளவு குறைந்துவிடும். அதன் பலன் கியர் மாறும்போது உதைப்பு.

இன்ஜினில் வேடிக்கை என்னவென்றால், ஒரு விஷயத்தில் விலை குறைந்த வண்டிதான் உசத்தி. நேரடியாகச் சிலிண்டருக்குள் மட்டும் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகில் கரி படியும். அங்கே பெட்ரோல் பட்டுக் கழுவ வழியில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவில் ஐட்லிங் தடுமாறினால் மேனிஃபோல்டைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். டொயோட்டாவின் டி-4எஸ் அமைப்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர். ஒன்று உள்ளே, ஒன்று வால்வுக்கு முன்னால். அந்த இரண்டாவது வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். லெக்ஸஸ் ஆர்சி 350இன் 3.5 லிட்டர் வி6இலும் இதே ஏற்பாடு உண்டு. சொகுசு என்றாலே சிக்கல் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அந்த வண்டி சாட்சி. கனம், வேகத்தில் பின்தங்கல், ஆனால் டர்போ இல்லாத அந்த வி6 பட்டறைப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்காது.

பழைய ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ பார்க்கிறவர்கள் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டைப் பார்க்காமல் வரக்கூடாது. அது சூட்டில் காய்ந்து இறுகினால் ஆயில் நேராக முன்பக்க பெல்ட் மேல் சொட்டும். நனைந்த பெல்ட் புல்லியை விட்டு நழுவிக் கிழிந்தால், நார்கள் இன்ஜினின் சுழல்தண்டைச் சுற்றியுள்ள கிராங்க் சீலுக்குள் இழுத்துக்கொண்டு போகக்கூடும். கைப்பிடி அளவு ரப்பர் வளையத்தில் தொடங்கி இன்ஜினை இறக்கும் வேலையில் போய் முடியும். பேட்டரி மாற்றினால்கூட அதை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்து புதியதன் ஆயுளைக் குறைக்கும்.

எளிய கூபேயும் புனிதர் இல்லை. 2018 இறுதியில் வால்வ் ஸ்பிரிங் குறைக்காக முதல் தலைமுறை 86, பிஆர்இசட் வண்டிகளின் தொடக்க வருடத் தயாரிப்புகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஸ்பிரிங் சின்னதுதான், அதை எட்ட இன்ஜினையே இறக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது சீலன்ட் அளவுக்கு மீறி அப்பப்பட்டால், உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடையை அடைக்கும், பேரிங் போகும். பழைய 86 வாங்கினால் அந்த வேலை நடந்ததா, எந்த தேதியில், அதற்குப் பின் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டாம் தலைமுறையில், பந்தயத் தடத்தில் நீளமான வலது வளைவுகளில் ஆயில் அழுத்தம் இறங்குவதை ஓட்டுபவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி உறிஞ்சும் வாய் காற்றை இழுக்கிறது. சாலையில் ஓட்டுவோருக்கு இது பொருட்டில்லை. தடத்துக்குப் போகிறவர் ஆயிலை மேல்கோட்டில் வைத்து, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) தடுப்பு போட்டுக்கொள்வது நல்லது. பாக்ஸர் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இரண்டு பக்கமும் சேஸிஸை ஒட்டி ஒளிந்திருக்கும். வளையும் மூட்டு உள்ள சாக்கெட் இல்லாமல் கை நுழையாது. பிஎம்டபிள்யூவில் பானட்டைத் திறந்தால் மேலேயே இருக்கும். கிளட்ச் பெடலில் பாதத்தை லேசாக வைத்தாலே ஒரு கிறீச்சல் நின்றோ மாறியோ போனால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் மலிவு, கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் செலவு. இறக்கும்போதே கிளட்ச் தட்டையும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு நுணுக்கம் உண்டு. கூபே கதவுகளின் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் இறங்கி, கதவு மூடியதும் மேலேறி ரப்பருக்குள் பதியும். பேட்டரி இறந்த வண்டியில் அது இறங்காது. அப்போது கதவை வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் கிழியும், கண்ணாடி விளிம்பு தெறிக்கவும் கூடும். வாங்கப் போகும் இடத்தில் கதவைப் பத்து முறை திறந்து மூடி, இரண்டு பக்கமும் கண்ணாடி ஒரே அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால், கதவை மூடிக்கொண்டு கண்ணாடியை முழுதாக ஏற்றி சுவிட்சைச் சில நொடி இழுத்துப் பிடித்தால் பல வண்டிகளில் அது மீண்டும் தன் அளவைக் கற்றுக்கொள்ளும். அப்படியும் இறங்கவில்லை என்றால் கதவுக்குள் மோட்டாரோ மைக்ரோ சுவிட்சோ போயிருக்கிறது.

வண்டி பார்க்கப் போகும்போது முதலில் பானட் மேல் கையை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் யாரோ ஓட விட்டு வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிர்ந்த இன்ஜினின் முதல் பத்து நொடிச் சத்தத்தில்தான் செயின் சலசலப்பும், வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் தட்டலும் கேட்கும்.

அடுத்த ஒப்பீட்டில் அந்த மூன்று கட்டங்களோடு எடை, டயர் அளவு முன்னும் பின்னும், 3,000 ஆர்பிஎம்மில் உள்ள டார்க், 60 முதல் 100 வரை கியர் மாற்றாமல் எடுக்கும் நேரம், ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியாக வேண்டிய பாகங்களின் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். நொடிக்கணக்கை எப்படி அளந்தது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் சில, வண்டி முதல் ஓர் அடி நகர்ந்த பிறகே கடிகாரத்தை ஓட விடுகின்றன. அதில் மட்டும் 0.2, 0.3 நொடி மறைந்துவிடும். ஒரு வண்டிக்கு அந்த முறையிலும் இன்னொன்றுக்கு வேறு முறையிலும் அளந்த எண்ணை ஒரே கட்டத்தில் போட்டால், அந்த அரை நொடி வித்தியாசத்தில் பாதி கடிகாரத்தினுடையதாகவே இருக்கலாம்.

இப்படிக்கு,
வாகனப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்